ஏற்கும் கை

பௌத்தர்களாகிய நாம் பாரமிதைகள் பத்தினுள் தானத்தையே முதலாவதாக எண்ணுகிறோம். விகாரையில் கூடும்போதெல்லாம் தானத்தின் சிறப்புப் பேசப்படுகிறது. கொடுத்தவர் பெயர் வாசிக்கப்படுகிறது. கொடாதவர் தலை கவிழ்கிறார். ஆனால் கொடுத்தல் என்று ஒன்று நிகழவேண்டுமாயின் கொள்ளுதல் என்று ஒன்றும் நிகழ்ந்தாக வேண்டுமன்றோ? அந்தக் கொள்ளுதலைப் பற்றி எவரும் பேசக் காணோம். கொள்பவர் இல்லாதவர், இரக்கத்துக்குரியவர் என்ற அளவிலே அவரை விட்டுவிடுகிறோம். முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கு ஒருவர் நீரும் சோறும் கொடுத்துக் கிடக்க இடமும் தரும்போது அங்கே உண்மையில் நிகழ்வது யாது? உயர்ந்தது கொடுத்த கையா, ஏற்ற கையா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதற்கு ஏடுகளை மட்டும் நம்பாமல், சைக்கிளில் மலைகளைக் கடந்து சென்ற ஒரு மனிதரின் வரலாற்றையும் துணையாகக் கொள்வோம். நூலகத்தில் தேடியும் அகப்படாத விளக்கம் சில வேளைகளில் சாலையோரத்தில் அகப்படுகிறது.

சைக்கிளில் நெடுந்தொலைவு செல்லுதல் நம் பம்பாய்க்குப் புதிதன்று. 1923 அக்டோபர் 15 ஆம் நாள் ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றி வருவதென்று இந்நகரிலிருந்து சைக்கிளேறிப் புறப்பட்டனர். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டுமே சுற்றி முடித்து 1928 மார்ச் 18 ஆம் நாள் திரும்பினர். ஏனையோர் இடையிலேயே விலகினர். பாரசீகம், ஈராக்கின் பாலை, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை, அமெரிக்கா, ஜப்பான், சீனம் என்று அவர்கள் கடந்தது ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். 1931 இல் வெளிவந்த அவர்களுடைய பயண நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். உடலுரமும் நெஞ்சுரமும் மிக்க அவ்வீரர்களை நாம் வணங்குகிறோம். ஆயினும் நம் கேள்விக்கான விடை அவர்களிடம் முழுமையாகக் கிடைப்பதன்று. அவர்கள் பிறந்த சமூகம் நாடெங்கும் மதிப்புப் பெற்றது. அவர்கள் அந்நிய நாட்டில் பட்ட தாகம் வழியின் தாகமேயன்றிப் பிறப்பின் தாகம் அன்று. பிறந்த ஊரிலேயே கிணற்றருகே நிற்க முடியாத ஒருவன் சைக்கிளேறிப் பிற நாட்டார் வாயிலுக்குச் சென்றபோது என்ன நேர்ந்தது? அதையன்றோ நாம் அறிய வேண்டும்?

அத்தகைய ஒருவர் உண்டு. ஒடிசா மாநிலத்தில் ஆட்டமல்லிக் என்னும் பகுதியில் 1949 இல் பிறந்த பிரத்யும்ன குமார் மகாநந்தியா என்பார் அவர். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட, தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடியிலே பிறந்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் உள்ளே இருக்க, இவர் வகுப்பறைக்கு வெளியே இருந்து பாடம் கேட்டார். ஆயினும் கையில் ஓவியம் இருந்தது. டில்லிக்குச் சென்று கலைக் கல்லூரியில் பயின்றார். மாலை வேளைகளில் கன்னாட் பிளேஸ் நீரூற்றின் அருகே அமர்ந்து, வருவோர் போவோர் முகங்களை வரைந்து கொடுத்துப் பிழைத்தார். 1975 டிசம்பரில் அங்கே தம் முகத்தை வரையச் சொல்லி அமர்ந்த சுவீடன் நாட்டு இளம்பெண் சார்லட் என்பவரிடம் இவர் உள்ளம் சென்றது. அப்பெண்ணின் உள்ளமும் இவரிடம் வந்தது. அவர் நாடு திரும்பிய பின் இருவரிடையே கடிதங்கள் மட்டுமே நடந்தன. விமானச் சீட்டுக்குப் பொருளில்லை. ஆதலால் மகாநந்தியா தம் உடைமைகளை விற்று ஒரு பழைய சைக்கிளை வாங்கி, 1977 ஜனவரி 22 ஆம் நாள் டில்லியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

காதற்கதையாகவே இதைப் பத்திரிகைகள் பரப்பின. அது அவர்கள் விருப்பம். நம் நோக்கு வேறு. ஆப்கானிஸ்தானம், ஈரான், துருக்கி ஆகிய நாடுகள் வழியே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வீதம் அவர் சைக்கிள் மிதித்தார். இந்துகுஷ் மலைத்தொடரின் கிளைகள் பரந்த நாட்டில், ஆளரவமற்ற நெடுவெளிகளில், கால்கள் வலிக்க வலிக்கச் சென்ற அம்மனிதருக்கு வழியெங்கும் உணவும் இடமும் கிடைத்தன. கொடுத்தவர்கள் அவர் மொழி அறியாதவர்கள். அவர் சமயத்தைச் சேராதவர்கள். அவர் அவர்களுடைய முகங்களை வரைந்து கொடுத்தார். சிலர் காசு தந்தனர், சிலர் சோறு தந்தனர், சிலர் படுக்க இடம் தந்தனர். ஐரோப்பாவுக்குள் புகுந்தபின் கடைசிப் பகுதியை ரயிலில் கடந்து, 1977 மே 28 ஆம் நாள் சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரை அடைந்தார். பின்னர் அந்நாட்டிலேயே மணம் புரிந்து, ஓவிய ஆசிரியராக வாழ்ந்தார். ரயிலேறியதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. பந்தயம் ஓடியவருக்கு அது குறையாகலாம். இவர் பந்தயம் ஓடவில்லை.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். ஒடிசாவின் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடப்படாத பிள்ளையை, ஆப்கானிய மலைக்குடிசை உள்ளே அழைத்தது ஏன்?

மலைநாட்டவர் நல்லவர், நம் நாட்டவர் தீயவர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்ல நாம் உடன்படோம். ஆப்கானிஸ்தானத்துப் பஷ்டூன் மக்களிடையே ‘மெல்மஸ்தியா’ என்றொரு நெறி உண்டு. வாயிலுக்கு வந்தவன் யாராயினும் அவனுக்கு உணவும் காப்பும் அளிக்கவேண்டும், கைம்மாறு எதிர்பார்த்தல் ஆகாது என்பது அதன் பொருள். கேட்க இனிமையானது. ஆனால் அதே மக்களின் அதே நெறித் தொகுப்பில் ‘பதல்’ என்பதும் ஒன்று. அது பழிக்குப் பழி. தூரதேசத்து விருந்தினனுக்குத் தன் ரொட்டியைப் பிட்டுத் தருகிற அதே மனிதன், பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாழும் பங்காளியோடு தலைமுறை தலைமுறையாகப் பகை பேணவும் கூடும். எங்கோ போகிற அந்நியனிடம் அன்பு காட்டுதல் எளிது. அவன் நாளைக் காலையில் புறப்பட்டுவிடுவான். அவனுக்கு நம் வயலில் பங்கில்லை, நம் கிணற்றில் உரிமையில்லை, நம் பெண்ணை அவன் மகனுக்குக் கேட்கப் போவதில்லை. அன்றாடம் எதிர்ப்படுகிற அயலானிடம் அன்பு காட்டுவதே அரிது.

மற்றொன்றும் உண்டு. நம் சாதிகளின் பெயர்களே அம்மலைநாட்டாருக்குத் தெரியா. அவர்கள் கண்ட முகத்தில் களைப்பு இருந்தது, பிறப்பு எழுதப்பட்டிருக்கவில்லை. எனவே அவர்கள் செய்த உதவி உயர்ந்ததாயினும், அது அறியாமை என்னும் நிழலில் நின்று செய்த உதவி. அறிந்த பின்னும் அது நின்றிருக்குமா?

இக்கேள்வியின் கூர்மையைப் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் தம் இளம்பருவத்திலேயே உணர்ந்தார். 1901 இல், சிறுவனாயிருந்தபோது, கோரேகாவ் என்னுமிடத்தில் வேலை பார்த்துவந்த தந்தையைக் காணச் சதாராவிலிருந்து சகோதரரோடும் சகோதரியின் மக்களோடும் ரயிலேறிச் சென்றார். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப் போக எவரும் வந்திலர். நல்லாடை உடுத்துத் தனியே நின்ற சிறுவர்களைக் கண்டு நிலைய அதிகாரி பரிவோடு அருகே வந்து விசாரித்தார். உயர்குலத்துப் பிள்ளைகள் என்று கருதினார். சிறுவர் தாம் மகார் என்று உண்மை கூறினர். அவர் முகம் மாறிற்று, அகன்று போனார். வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச் செல்ல உடன்பட்டிலர். இரட்டைக் கூலி பெற்றுக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், தான் கூட நடந்து வருவேன் என்ற உடன்பாட்டின் பேரில் ஒருவன் இசைந்தான். கட்டுச்சோறு கையில் இருந்தது. அதை விழுங்கத் தண்ணீர் இல்லை. வழியில் இருந்த சுங்கச்சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிக் கேட்டும் நீர் கிட்டவில்லை. பசியோடும் தாகத்தோடும் அவ்விரவு கழிந்தது.

அந்த நிலைய அதிகாரியை நினைத்துப் பாருங்கள். அவர் கொடியவர் அல்லர். முதலில் அருகே வந்தது உண்மையான பரிவே. ஒரு சொல் கேட்கும் வரையில் அது உயிரோடு இருந்தது. மசூருக்கும் ஆப்கானிய மலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஓரிடத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, மற்றோரிடத்தில் அதைக் கேட்க அவர்களுக்குத் தெரியாது என்பது மட்டுந்தானா? அப்படியானால் உலகில் அன்பென்று எதுவும் இல்லை, அறியாமைதான் உண்டு என்று முடியும். அம்முடிவை நாம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்குத்தான் ஏற்கும் கையைப் பார்க்க வேண்டும்.

சற்றே நம் பாட்டன்மார் காலத்துக்குச் செல்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல்கிடங்குகளுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோருக்கு ஊரில் எவரும் எதுவும் கொடுத்ததில்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்தார்கள். களத்தில் நெல் அளந்தார்கள். திருநாளில் பழந்துணி கொடுத்தார்கள். பந்தி முடிந்தபின் மிஞ்சியதைக் கொடுத்தார்கள். தாகமென்று நின்றால், குவிந்த கைகளில் உயர நின்று நீரை ஊற்றினார்கள். சிரட்டையில் காப்பி ஊற்றினார்கள். கொடையில்லாத ஊரென்று ஒன்று இருந்ததேயில்லை. கொடுத்துக் கொடுத்தே நம்மைக் கீழே வைத்தார்கள் என்றாலும் பிழையாகாது. அவர்கள் ஒருபோதும் செய்யாதது ஒன்றுண்டு. நம் கையிலிருந்து ஒரு மிடறு நீரை அவர்கள் வாங்கிக் குடித்ததில்லை. நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பிடி சோறு தின்றதில்லை. தீண்டாமையின் உயிர்நிலை கொடாமையில் இல்லை, கொள்ளாமையில் இருக்கிறது.

பம்பாயின் ஆலைகளில் இதற்கு ஒரு சான்று இருந்தது. அது அக்காலத்துத் தொழிலாளர் அனைவரும் அறிந்தது. ஆலையில் உழைத்த நாமும் மூத்தோர் வாயிலாகக் கேட்டறிந்தோம். தறியில் ஊடைநூல் தீர்ந்து புதுத் தாரை மாட்டும்போதெல்லாம், நாடாவின் துளை வழியே நூல்முனையை நெசவாளி வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். ஒருவர் வாய்வைத்த நாடாவில் மற்றொருவர் வாய்வைக்க நேரும். ஆதலால் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவரை நெசவுப் பிரிவில் சேர்க்கலாகாது என்றனர். கூலி மிகுந்தது நெசவுப் பிரிவு. நம்மவர் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டனர். 1928 ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் எழுப்பினார். உரிமைக்காக முதலாளியை எதிர்த்து ஒன்றாய் நின்ற தொழிலாளர், ஒரு நூல்முனையில் மட்டும் ஒன்றாக மறுத்தனர். சந்தா வாங்கினர், ஊர்வலத்தில் சேர்த்துக்கொண்டனர். எச்சிலை ஏற்க மறுத்தனர். மகாநந்தியாவின் குலத்தொழில் நெசவு என்று மேலே கண்டோம். நெய்த துணி மட்டும் எவருக்கும் தீட்டாகவில்லை என்பதையும் இவ்விடத்தே குறித்துச் செல்வோம்.

பகவான் புத்தரின் தம்மம் இந்த நோயை இதன் வேரிலேயே அறிந்திருந்தது. சிராவத்தி நகரில் ஆனந்தர் தாகத்தோடு ஒரு கிணற்றை அணுகினார். அங்கே நீர் மொண்டு நின்றவள் பிரகிருதி என்னும் மாதங்கப் பெண். நீர் கேட்ட துறவியிடம் அவள் தன் குலத்தைச் சொல்லி விலகினாள். ஆனந்தர், தாம் கேட்டது குலத்தையன்று, நீரையே என்றார், வாங்கிக் குடித்தார். திவ்யாவதானத்தில் இடம்பெற்ற இக்கதையை வைத்துக் குமாரன் ஆசான் 1922 இல் மலையாளத்தில் ‘சண்டாளபிட்சுகி’ பாடினார். தாகூர் 1933 இல் ‘சண்டாளிகா’ நாடகம் எழுதினார். இக்கதையில் வள்ளல் யார்? வழக்கமான கணக்கில் நீர் வார்த்த பெண்ணே வள்ளல், ஆனந்தர் இரவலர். ஆனால் படிக்கிற எவருக்கும் அவ்வாறு தோன்றுவதில்லை. அவர் கேட்டதே கொடை. அவள் கையும் கொடுக்கத் தகுந்த கை என்று அவளுக்கே முதன்முறையாகத் தெரிந்தது. அதுவும் அவர் அறியாமல் கேட்டவர் அல்லர். அவள் சொன்னாள், அவர் கேட்டார், அதன் பின்பே குடித்தார். மசூர் நிலைய அதிகாரி எந்தச் சொல்லைக் கேட்டு அகன்றாரோ, அதே சொல்லைக் கேட்டு ஆனந்தர் கையை நீட்டினார். அறியாமையில்தான் அன்பு வாழும் என்பாருக்கு இதைவிடப் பெரிய மறுப்பு நமக்குத் தெரியவில்லை.

ஏசுநாதர் கூறிய சமாரியன் கதையை நம்முள் பலரும் கேட்டிருப்பீர்கள். வழிப்பறிக்கு ஆளாகிக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனுக்கு, யூதர் இழிவாகக் கருதிய சமாரியன் எண்ணெயும் மதுவும் வார்த்துக் காயம் கட்டினான். உயர்ந்த கதை. ஆனால் விழுந்து கிடந்தவன் உணர்வோடிருந்திருந்தால் அந்தக் கையை ஏற்றிருப்பானா என்று கதை சொல்லவில்லை. குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு மறுக்கும் வலுவில்லை. ஆனந்தருக்கு இருந்தது.

பகவான் அருந்திய இறுதி உணவு எவருடையது? பாவா நகரத்துக் கொல்லன் சுந்தன் இட்டது. அதை உண்டபின் நோய் கடுமையாயிற்று. உயிர் பிரியும் வேளையிலும் பகவான் ஆனந்தரிடம் சொல்லியனுப்பியது, சுந்தன் மனம் நோகலாகாது என்பதே. தாம் ஞானம் பெறுமுன் உண்ட உணவும், பரிநிர்வாணத்துக்கு முன் உண்ட இந்த உணவும் பயனில் ஒத்தவை, மற்றெல்லாக் கொடைகளினும் மேலானவை என்று கூறுமாறு பணித்தார். ஏற்பவருக்கும் கடமையுண்டு. உண்டது நஞ்சானாலும் கொடுத்தவன் கை கூசாமல் காப்பது அக்கடமை.

தமிழ்ப் பௌத்தர்க்கு மணிமேகலையைச் சொல்லாமல் தானத்தைப் பற்றிய பேச்சு நிறைவுறாது. அமுதசுரபியைப் பற்றி எல்லோரும் பேசுவர். அதை முதலில் கையேந்திய ஆபுத்திரனின் முடிவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தாயால் கைவிடப்பட்டவன், வேள்விப் பசுவைக் காத்ததால் ஊரால் துரத்தப்பட்டவன், பிச்சைப் பாத்திரத்தில் கல்லை வாங்கியவன். மதுரையில் இரந்த சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, அப்பாத்திரத்தையே தலைக்கு வைத்துத் துயின்றான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவனுக்குக் கிடைத்தது. பின்னர் என்ன நேர்ந்தது? இந்திரன் சூழ்ச்சியால் மழை பொழிந்து நாடு செழித்தது. பசித்தவர் எவரும் வந்திலர். நிறைந்த பாத்திரத்தோடு ஊர் ஊராக, உண்பார் உண்டா என்று கேட்டு அலைந்தான், நகைத்தனர். பஞ்சம் வாட்டிய சாவக நாட்டுக்குக் கப்பலேறி, இடையே மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றது. ஆளில்லாத் தீவில், தன் ஒருவன் வயிற்றுக்காக அப்பாத்திரத்தை வைத்திருக்க அவன் விரும்பவில்லை. கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். குறையாத பாத்திரமும் ஏற்பார் இல்லாவிடத்து வெறும் ஓடு என்பதைச் சாத்தனார் இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

இப்போது மகாநந்தியாவிடம் திரும்புவோம். ஆப்கானிய மலையில் அவருக்கு ரொட்டி கிடைத்தது என்பதைவிட, அவர் வரைந்த படத்தை அம்மக்கள் கை நீட்டி வாங்கினர் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பேசிப் புரியவைக்க முடியாத இடங்களில் ஓவியமே தமக்கு வழி திறந்ததென்று அவரே கூறியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எவருடைய தொடுகை விலக்கப்பட்டதோ, அவருடைய விரல் தீட்டிய தாளைக் குடும்பத்தார் சுற்றி நின்று பார்த்து, தம் முகம் அதில் இருக்கக் கண்டு பெற்றுக்கொண்டனர். அவர் அங்கே இரவலரும் அல்லர், கூலியாளும் அல்லர். இரு பக்கத்திலும் கை நீண்டது. அவ்விடத்தில் சாதி அறியாமை ஒரு தற்செயலே. அவர்கள் செய்த காரியம் அறிந்தும் செய்யத்தக்க காரியம். அம்மலைநாடு ஒருகாலத்தில் நம் தம்மம் தழைத்த நாடு என்பதும் நினைவுக்கு வருகிறது. காந்தாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறித்த அசோகரின் கல்வெட்டு 1958 இல் கிடைத்தது. பாமியானில் மலையைக் குடைந்து நிறுத்திய பெரும் புத்தர் சிலைகளை 2001 இல் தகர்த்தனர். சிலைகள் போயின; வாயிலில் நிற்பவனை உள்ளே அழைக்கும் வழக்கம் சிலைகளுக்கு முன்னும் இருந்திருக்கும், பின்னும் இருக்கும்.

இவ்விடத்தில் நம் இளைஞர் சிலர் ஒரு தடை எழுப்புவர், எழுப்பியும் இருக்கின்றனர். “தன்மானத்துக்காகத்தானே 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் தம்மத்தை ஏற்றார்? அவர் வழியில் வந்த நாம் பிறர் கொடுப்பதை வாங்குவதா? வாங்கி வாங்கித்தானே குனிந்தோம்? இனிக் கொடுப்போமேயன்றிக் கொள்ளோம்!” இத்தடையை நாம் இகழவில்லை. சிரட்டையில் வாங்கிய பரம்பரைக்கு இந்தச் சினம் வேண்டும். உயர நின்று ஊற்றுவதை மறுப்பது அறமே. ஆனால் மறுக்கவேண்டியது உயரத்தையன்றி நீரையன்று.

உயரமில்லாத கொடை உண்டா என்று கேட்பீராயின், நம் மாஹிமிலேயே அதன்மேல் நாள்தோறும் நடக்கிறோம். மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே முன்பு படகில்தான் கடக்கவேண்டும். மழைக்காலத்தில் படகுகள் கவிழ்ந்து மக்கள் மாண்டனர். கும்பினி அரசு பணமில்லை என்று கைவிரித்தது. ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்துக் கடற்சாலை அமைப்பித்தார். 1845 இல் அது திறக்கப்பட்டது. அதைக் கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பதே அவ்வம்மையார் விதித்த கட்டளை. அதில் செல்கிறவர் எவரும் அவர் முன் குனியவேண்டியதில்லை. வண்டியில் செல்பவரும் சைக்கிளில் செல்பவரும் சாக்கடை அள்ளச் செல்பவரும் ஒரே சாலையில் செல்கின்றனர். இது ஒரு வகை. ஆயினும் சாலை போடும் பொருள் நமக்கில்லை. நமக்கு எஞ்சியிருப்பது மற்றொரு வகை. கொடுத்த கையாலேயே கொள்ளுதலும், கொண்ட கையாலேயே கொடுத்தலும்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இல்லாமலில்லை. புத்தம் சரணம் என்று ஒருசேர ஓதுகிற நம்மவருள்ளும், துப்புரவுத் தொழில் செய்யும் குடும்பத்தார் சமைத்துக் கொண்டுவரும் பாயசப் பாத்திரம் மட்டும் சில இடங்களில் பாதிக்குமேல் குறையாமல் திரும்புகிறது. எவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. “வயிறு நிறைந்துவிட்டது”, “இனிப்பு ஆகாது, மருத்துவர் தடுத்திருக்கிறார்” என்பர். பக்கத்துப் பாத்திரத்துப் பாயசம் இனிக்காதோ? அதே மக்கள், அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குவதில் முன்னிற்பர். அதைத் தானம் என்று கணக்கில் எழுதுவர். ஊரில் நமக்கு நடந்தது இதுதானே? ஊற்றுகிறவர் மாறியிருக்கிறார், உயரம் அப்படியே இருக்கிறது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து தாராவிப் பட்டறைகளில் உழைக்கிற இளைஞரிடமும் நாம் இப்படியே நடந்துகொள்கிறோமா என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 6 ஆம் நாள் பாபாசாகேப்பின் பரிநிர்வாண நாளன்று தாதர் சைத்தியபூமிக்கு இலட்சக்கணக்கான மக்கள் வருவதை அறிவீர்கள். விதர்ப்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் ரயிலில் வருவோரே மிகுதி. அவர்களுக்கு நீரும் உணவும் வழங்க நம் அன்பர்களும் மாஹிம் பக்கமாக ஒரு பந்தல் போடுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இகத்புரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு முதியவர் சைக்கிளிலேயே வந்தார். கசாரா மலைப்பாதையில் இறங்கி வந்திருக்கிறார். இரண்டு நாட்பயணம். வழியில் ஷகாப்பூருக்கு அருகே பின்சக்கரம் பஞ்சராகி நின்றபோது, அங்கே கடை வைத்திருந்தவர் ஒட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டாராம். முதியவருக்கு அதில் மகிழ்ச்சியில்லை, மனத்தாங்கலே இருந்தது. “காசு வேண்டாமென்றால் ஒரு பாக்கரியாவது எடுத்துக்கொள் என்றேன்; அதையும் எடுக்கவில்லை” என்று இரண்டு முறை சொன்னார்.

நம் தொண்டர்கள் அவரை அமரச்செய்து சோறிட்டனர். அவர் உண்டார். உண்டபின் சைக்கிளில் தொங்கிய துணி மூட்டையை அவிழ்த்துச் சோளப் பாக்கரியும் மிளகாய்த் துவையலும் எடுத்துப் பரிமாறிய இளைஞனிடம் நீட்டினார். அவன் நல்ல பிள்ளை; விடியற்காலை முதல் நின்றவன். “வேண்டாம் ஆஜோபா, நாங்கள் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்களல்லர்” என்று மராத்தியில் பணிவாகக் கூறிக் கைகூப்பினான். சுற்றி நின்றவர்கள் அதை மெச்சினர். முதியவர் ஒன்றும் பேசவில்லை. பாக்கரியைத் துணியில் வைத்து மீண்டும் முடிச்சுப் போடத் தொடங்கினார்.

நீர்ப்பானை அருகே நின்ற நம் சகோதரி ஒருவர், நகராட்சியில் குப்பை வாரும் பணி செய்பவர், இதைப் பார்த்துவிட்டார். வந்து அவர் எதிரே தரையில் அமர்ந்து, “ஆஜோபா, எனக்குப் பசிக்கிறது, கொடுங்கள்” என்றார். முதியவர் முடிச்சை அவிழ்த்து ஒரு முழுப் பாக்கரியைத் துவையலோடு கொடுத்தார். இரண்டாம் வாயிலேயே அந்த அம்மைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துவையலின் காரம் அத்தகையது. தண்ணீர் தண்ணீர் என்று கையை உதறினார். முதியவர் எழுந்து, நம் பானையிலிருந்து நம் குவளையிலேயே நீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதன்பின் கைகூப்பிய அந்த இளைஞனும் வந்து அமர்ந்து ஒரு துண்டு கேட்டான். மூட்டையில் மிகுந்திருந்த இரண்டு பாக்கரியும் அங்கேயே தீர்ந்தன. திரும்பும் வழிக்கு என்ன செய்வீர் என்று கேட்டோம். வழியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிவாஜி பூங்காவின் பக்கமாகக் கூட்டத்துள் சென்றார்.